வழிநடைக்கு மின்சாரக் கட்டுச்சோறு

முன்னாளில் நெடுவழி நடப்போர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படுவர். எத்தனை வேளைக்கு வேண்டும், எந்தச் சத்திரம் வரைக்கும் தாங்கும் என்றெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் முதல் நாளே கணக்குப் போட்டுவிடுவார்கள். இந்நாளில் வழியெங்கும் உணவு விடுதிகள் உண்டு, சோற்றுக்குக் கவலையில்லை. ஆனால் வேறொரு கட்டுச்சோறு இப்போது தேவைப்படுகிறது. கைபேசிக்கும், இரவில் வழிகாட்டும் விளக்குக்கும் வேண்டிய மின்சாரமே அது. இதற்குக் கணக்குப் போட்டுப் புறப்படுவோர் மிகச் சிலர். நானும் ஒரு காலத்தில் போடவில்லை. இத்தனைக்கும் முப்பது ஆண்டுகள் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன் நான்.

2019ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், என் தாய்மாமனும் நானும் திருவான்மியூரிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நடந்து செல்வதென்று புறப்பட்டோம். ஐந்து நாள் நடை. மாமாவுக்கு அப்போது வயது எழுபத்தொன்று, நீரிழிவு உண்டு, ஆயினும் நடையில் என்னை முந்திவிடுவார். முதல் நாள் மாலை முட்டுக்காட்டுப் பாலத்தை அடைந்தோம். உப்பங்கழி கடலோடு கலக்கும் இடம் அது. மேற்கே படகுத் துறை, கிழக்கே மணல் திட்டு, அதற்கப்பால் வங்கக் கடல். மாலை வெயிலில் அந்தக் காட்சியைப் படம் பிடிக்காமல் வர எனக்கு மனமில்லை. "நீ எடுத்துக்கொண்டு வா மாப்பிள்ளை, நான் மெல்ல நடந்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மாமா முன்னே சென்றார்.

நான் படம் எடுத்தேன். அசையும் படமும் எடுத்தேன். காலையிலிருந்து வழிகாட்டும் வரைபடம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. திடீரெனக் கைபேசியின் திரை கறுத்தது. அதனாலென்ன என்று நடந்தேன். கோவளம் பிரிவை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது, மாமாவைக் காணவில்லை. அவருடைய மாத்திரைகளும் குளுக்கோஸ் பொட்டலமும் என் பையில் இருந்தன. இளநீர் விற்பவர் ஒருவர் பரிவோடு தம் கைபேசியை நீட்டினார். "நம்பரைச் சொல்லுங்க ஐயா, நானே போடுறேன்" என்றார். நான் வாயைத் திறந்தேன்; எண் வரவில்லை. மாமாவின் எண் என் மனத்தில் இல்லை. அணைந்துபோன அந்தக் கருவிக்குள் இருந்தது.

ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தேடினேன். சாலையை விட்டுக் கோவளம் ஊருக்குள் செல்லும் வழியில் அவர் திரும்பிவிட்டிருந்தார். ஒரு பெட்டிக்கடை வாயிலில், உடல் வியர்த்து, கை நடுங்க உட்கார்ந்திருந்த அவருக்குக் கடைக்கார அம்மாள் சர்க்கரை மிகுதியாகப் போட்டுத் தேநீர் கொடுத்துத் தெளிய வைத்திருந்தார். "பத்துத் தடவை கூப்பிட்டேனேப்பா, எடுக்கவில்லையே நீ" என்றார் மாமா. பௌதிகப் பேராசிரியர் தலை குனிந்து நின்றார்.

அந்தத் தேநீரிலிருந்தே நம் கணக்கைத் தொடங்கலாம். இன்று பெரும்பாலான கைபேசிகளில் உள்ள மின்கலத்தில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று குறித்திருக்கும். இந்த எண்ணை மட்டும் பார்ப்பது, தொட்டியில் எத்தனை குடம் நீர் உண்டு என்று கேட்டுவிட்டு, தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேளாமல் விடுவதை ஒக்கும். உயரம் என்பது இங்கே வோல்ட். 5 ஆம்பியர்-மணியை ஏறக்குறைய 3.8 வோல்ட்டால் பெருக்கினால் 19 வாட்-மணி வரும். இதுவே கைபேசி வயிறு நிறைய உண்ணும் உணவு. கலோரிக் கணக்கில் இது ஏறத்தாழ 16 கிலோ கலோரி. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் உள்ள சக்தியும் அவ்வளவே! மாமாவைத் தெளிய வைத்த தேநீரில் போட்ட சர்க்கரையில் ஒரு கரண்டியளவு சக்தி என் கைபேசியில் இருந்திருக்குமானால் அன்று தொல்லையே இல்லை.

அப்படியானால் நம் கைகளாலேயே அதை உண்டாக்கிக்கொள்ள முடியாதா என்று மாணவர்கள் கேட்கலாம். கையால் சுழற்றும் சிறு மின்னாக்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. களைப்பின்றிச் சுழற்றினால் 5 வாட் அளவு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 19 வாட்-மணிக்கு நான்கு மணி நேரம் சுழற்ற வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 116 மீட்டர் உயரம் ஏறுவதற்குச் சமமான வேலை அது. நாள் முழுவதும் நடந்த பிறகு யார் செய்வார்கள்? ஆகவே சுமந்து செல்வதே வழி.

சுமக்கும் பாத்திரத்துக்குப் பவர் பேங்க் என்று பெயர். அதன் மேல் 10,000 என்று எழுதியிருப்பதைக் கண்டு, 5,000 உள்ள கைபேசியை இரண்டு முறை நிரப்பலாம் என்று எண்ணிவிடுகிறோம். அது தவறு. உள்ளே இருக்கும் மின்கலம் 3.7 வோல்ட் அளவுடையது. எனவே இருப்பு 37 வாட்-மணி. வெளியே கொடுக்கும்போது அதை 5 வோல்ட்டாக உயர்த்த வேண்டும். கைபேசி மறுபடியும் தனக்கு வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றில் ஊற்றும்போது சிந்துவது போல, இந்த மாற்றங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. மிஞ்சுவது 27 அல்லது 28 வாட்-மணி. அதாவது ஒன்றரை வேளைச் சாப்பாடு.

எடை அதிகமில்லாமல் இவ்வளவு சக்தியைத் தூக்கிச் செல்ல முடிவது லித்தியம் அயனி மின்கலத்தால். 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிவகுத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃப்புக்கு வயது 97! நம் தமிழ்நாட்டிலும் மின்கலங்களை ஆராயும் பெரிய நிலையம் ஒன்று உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. செட்டிநாட்டுப் பக்கம் செல்லும் மாணவர்கள் அதன் வாயிலையேனும் பார்த்து வர வேண்டும்.

அடுத்து, சூரியன். "இவ்வளவு வெயிலில் நடக்கிறீர்களே, சூரிய ஒளித் தகட்டை முதுகுப் பையில் மாட்டிக்கொண்டால் போதாதா?" என்று என்னைக் கேட்காதவர் இல்லை. நானும் அப்படியே நம்பி 10 வாட் தகடு ஒன்றை வாங்கி, அந்த முதல் நடையிலேயே மாட்டியிருந்தேன். நாள் முழுவதும் அதிலிருந்து ஏறியது ஏறாததற்குச் சமம். காரணம் என்ன? சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு நடப்பவன் தெற்கு நோக்கி நடக்கிறான். அவன் முதுகு வடக்கைப் பார்க்கிறது. ஜனவரியில் நம் ஊரில் நண்பகற் சூரியன் உச்சியில் நிற்பதில்லை. உச்சிக்குத் தெற்கே முப்பது பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கும். வெயில் என் முகத்தில் விழுந்தது. தகடு என் நிழலில் வந்தது. முகத்தைக் கறுக்க வைத்ததைத் தவிர அன்று கதிரவன் எனக்குச் செய்த உதவி ஒன்றுமில்லை. புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு நடந்திருந்தால் கதை வேறு.

தகட்டைக் குறை கூறவில்லை. நண்பகலில் மர நிழலில் நாம் உண்டு இளைப்பாறும்போது, அதை வெயிலில் தரையில் விரித்து, சூரியனை நோக்கிச் சற்றுச் சாய்த்து வைத்தால், இரண்டு மணி நேரத்தில் 10 வாட்-மணிக்குக் குறையாமல் சேரும். அதையும் பவர் பேங்கில் சேர்க்க வேண்டுமேயன்றிக் கைபேசியில் நேரே சேர்க்கலாகாது. மேகம் மறைக்கும்போதெல்லாம் கைபேசி விழித்து விழித்து அணையும். இரண்டையும் வெயிலில் வைக்கவும் கூடாது. 45 பாகைச் சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால் லித்தியம் மின்கலம் விரைவில் கெடும். அதற்கஞ்சிப் பல கைபேசிகள் தாமாகவே சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும்.

சூரியனைவிட நம்பத்தக்கது தேநீர்க் கடை. முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கடைகளுக்குக் குறைவில்லை. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு, அரை மணி உட்காரலாம். மின்கலம் பாதி காலியாக இருக்கும்போது வேகமாக ஏறும். நிறையும் தறுவாயில் மிக மெதுவாக ஏறும். காலியான பேருந்தில் முதலில் ஏறுபவர்கள் உடனே உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசியில் ஏறுபவர்கள் இடம் தேடி இடுக்கி நிற்க வேண்டியிருக்கிறது அல்லவா? அது போலத்தான். ஆகையால் நூற்றுக்கு நூறு வரும் வரை கடைக்காரரின் பலகையை மறித்துக்கொண்டிருப்பது வீண். எண்பது வந்ததும் எழுந்து நடையைக் கட்டலாம். 20 வாட் சார்ஜர் இருந்தால் அரை மணியில் 8 வாட்-மணி எளிதில் கிடைக்கும்.

ஆனால் கடையையே நம்பியும் இருக்க முடியாது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் வீசியபோது சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் இந்த மாமல்லபுரத்தருகேதான் கரையைக் கடந்தது. செய்தி மிகவும் தேவைப்படும் நாளில்தான் கம்பிகள் அறுந்து கிடக்கும். இந்தச் சாலையில் நடக்கும்போது எனக்கு ஒன்று வேடிக்கையாகத் தோன்றுவதுண்டு. இடப்புறம் கடல் நிறைய நீர், குடிக்க முடியாது. தெற்கே செல்லச் செல்ல, தலா 220 மெகாவாட் அளவில் அமைக்கப்பட்ட இரண்டு கல்பாக்கம் உலைகள், சாலையோரம் கம்பி கம்பியாய் மின்சாரம், தொட முடியாது. குடுவையில் உள்ள நீரும் பையில் உள்ள மின்சாரமுமே நடப்பவனுடையவை.

இனிச் சிக்கனம். இங்கேதான் உண்மையான வரவு இருக்கிறது. நான் முதல் நாள் செலவிட்டது போல நாளொன்றுக்கு 19 வாட்-மணி செலவிட்டால் ஐந்து நாளைக்கு 95. புறப்படும்போது கைபேசியில் உள்ள 19 போக, 76 வேண்டும். அதற்கு மூன்று பவர் பேங்குகள். ஏறக்குறைய முக்கால் கிலோ சுமை. நாளொன்றுக்கு 8 வாட்-மணியில் அடக்கினால் ஐந்து நாளைக்கு 40. ஒரே ஒரு பவர் பேங்க் போதும், கால் கிலோ. நெடுவழியில் அரைக் கிலோ என்பது நான்காம் நாள் தோளுக்குத் தெரியும்.

எட்டில் அடக்குவது எங்ஙனம்? மிகுதியாக உண்பது திரை. வெயிலில் அது தன் ஒளியைத் தானே உயர்த்திக்கொண்டு மேலும் உண்ணும். நிழலில் நின்று பார்ப்பதே நல்லது. அடுத்தது, தொடர்பு தேடும் முயற்சி. கோபுரம் தொலைவில் இருந்தால் கைபேசி தன் குரலை உயர்த்தி ஓயாமல் கூவிக்கொண்டிருக்கும். அப்போது விமானப் பயண நிலையில் வைத்துவிட வேண்டும். அந்நிலையிலும் பெரும்பாலான கைபேசிகள் இருக்குமிடத்தைக் காட்டும். ஏனெனில் செயற்கைக்கோள்கள் பேசுகின்றன, கைபேசி கேட்கிறது, அவ்வளவே. வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இருவராக நடப்பவர்கள் பிரிந்து நடக்கும் வேளையில் ஒருவர் அந்நிலையில் இருப்பது, அணைந்த கைபேசியை வைத்திருப்பதற்கு ஒப்பாகும். மணிக்கு ஒரு முறை, இன்ன நேரத்தில் திறப்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

கடற்கரைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. உப்புக் காற்றின் ஈரம் சார்ஜ் ஏற்றும் துளையில் படிந்தால் அங்குள்ள உலோகம் அரிக்கும். கருவிகளை மூடும் பையில் வைப்பதும், ஈரம் காய்ந்த பின்னரே கம்பியைச் செருகுவதும் போதும்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில், வேளாங்கண்ணித் திருவிழாவுக்காகச் சென்னையிலிருந்து காவியுடை அணிந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து செல்வோரை இதே சாலையில் காணலாம். சில குழுக்களின் பின்னே சாமான் வண்டி வரும். வண்டியில்லாமல் நடக்கும் ஒரு சிறு கூட்டத்தாரிடம் பேசினேன். எட்டுப் பேரில் இருவருடைய கைபேசிகள் மட்டுமே பகலில் விழித்திருக்கும், மற்ற ஆறும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், மறுநாள் முறை மாறும் என்றார்கள். யாரும் அவர்களுக்கு வாட்-மணி கற்பித்ததில்லை.

2023 ஜனவரியில் மாமாவும் நானும் மறுபடி நடந்தோம். மாமாவுக்கு எழுபத்தைந்து. குளுக்கோஸ் இம்முறை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. எங்கள் இருவர் எண்ணையும் எழுதிய காகிதம் ஒன்றும் இருந்தது. ஐந்தாம் நாள் புதுச்சேரிக் கடற்கரையில் உட்கார்ந்தபோது பவர் பேங்கின் நான்கு சிறு விளக்குகளில் ஒன்று இன்னும் எரிந்தது. வழியில் ஒவ்வொரு நாளும் காலையில், பையைத் தோளில் மாட்டுமுன் மாமா என்னை நிறுத்தி, "எங்கே, என் நம்பரைச் சொல்லு பார்க்கலாம்" என்பார். பள்ளிப் பிள்ளையைப் போலப் பத்து எண்ணையும் ஒப்பித்த பிறகே நடக்க விடுவார்.