ஃபைல்களின் ‘பேரேடு’ மெமரியில் எப்படி இருக்கிறது? லினக்ஸில் எக்ஸ்எஃப்எஸ் இறக்கிவைத்த பழைய சுமை

கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறக்கிறீர்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர், அளவு, கடைசியாகத் திருத்திய தேதி எல்லாம் உடனே வந்து நிற்கின்றன. ஒரு ஃபைலைக்கூட நீங்கள் இன்னும் திறக்கவில்லை. அப்புறம் எப்படி இவ்வளவு விவரம்?

கடையில் சரக்கு ஒரு பக்கம், பேரேடு ஒரு பக்கம் இருக்கிற மாதிரிதான். ஃபைலுக்குள் இருப்பது சரக்கு. அதன் பெயர் என்ன, யாருக்குச் சொந்தம், டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் பேரேடு. இதைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள். ஒரு மூட்டை கெட்டால் அந்த மூட்டைதான் நஷ்டம். பேரேட்டில் ஒரு பக்கம் கிழிந்தால், பல மூட்டைகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல் போய்விடும்.

ஒவ்வொரு தடவையும் டிஸ்க் வரை போய்ப் பார்ப்பது தாமதம். அதனால் அடிக்கடி தேவைப்படும் பக்கங்களின் நகலை கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, மெமரியிலேயே வைத்துக்கொள்கிறது. இதுதான் மெட்டாடேட்டா கேஷ். கேட்க எளிமையாக இருக்கும் இந்த வேலைக்குள் எவ்வளவு சிக்கல் சேர முடியும் என்பதற்கு எக்ஸ்எஃப்எஸ் நல்ல உதாரணம்.

1993-ல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன்னுடைய ஐரிக்ஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கத் தொடங்கிய ஃபைல் சிஸ்டம் இது. பிறகு லினக்ஸுக்கு வந்தது. 2014-ல் வெளியான ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-ல் இதுதான் இயல்பான தேர்வு. பெரிய சர்வர்கள் பலவற்றின் டிஸ்க்குகளில் இன்று இருப்பது இதுதான்.

உதிரித் தாள்களில் எழுதிய பேரேடு

லினக்ஸ் மெமரியைப் பெரும்பாலான கணினிகளில் 4 கிலோபைட் அளவுள்ள ‘பக்கங்களாக’ப் பிரித்துத்தான் கொடுக்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸின் மெட்டாடேட்டாவோ அந்த அளவுக்குள் அடங்காது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘ஐநோட்’ என்ற ஒரு பதிவு உண்டு. இப்போதைய வழக்கமான அளவு 512 பைட். இப்படி 32 ஐநோட்களைச் சேர்த்து 16 கிலோபைட் கட்டாகத்தான் டிஸ்க்கிலிருந்து படிக்கும். ஃபோல்டருக்கான ஒரு பிளாக் 64 கிலோபைட் வரைகூடப் போகலாம்.

16 கிலோபைட் வேண்டுமென்றால் நான்கு பக்கம் வேண்டும். பழைய முறையில் அந்த நான்கும் மெமரியில் நான்கு மூலையில் இருக்கும். உதிரித் தாள்களில் பேரேடு எழுதின கதைதான். வரிசையாகப் படிக்க வேண்டுமென்றால், சிதறிக் கிடக்கும் பக்கங்களுக்கு அடுத்தடுத்த முகவரிகளைக் கொடுத்து, ஒரே துண்டு மாதிரி காட்டும் வேலையை கெர்னல் செய்ய வேண்டும். அதற்கும் மெமரி வேண்டும், அதுவும் சில சமயம் தோற்றுப்போகும். தோற்றால் பழைய முகவரிகளைத் துடைத்துவிட்டு மறுபடி முயற்சி செய்ய வேண்டும். அந்த முகவரிகளைப் பிறகு விலக்கும்போது, எல்லா பிராசஸர்களும் தாங்கள் குறித்துவைத்த பழைய முகவரியை மறக்க வேண்டும். இது செலவு பிடித்த வேலை.

இந்தச் செலவைத் தவிர்க்க ஐநோட் கட்டுகளுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்கள்: தைக்கவே வேண்டாம், எந்த ஐநோட் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். விளைவு? மாற்றங்களை டிஸ்க்கில் எழுதும் முன் குறித்துவைக்கும் லாக் பகுதிகூட, ‘இந்தத் துண்டு பக்க எல்லையைத் தாண்டுகிறதா?’ என்று ஓயாமல் பார்க்க வேண்டியதாயிற்று. பேரேட்டைக் காப்பாற்றும் கோடுக்குள்ளேயே இப்படி ஒரு தனிச் சந்து இருப்பது நல்லதில்லை. அரிதாக நடக்கும் பாதையில்தான் பிழை ஒளிந்துகொள்ளும். மெட்டாடேட்டாவில் பிழை என்றால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

இரண்டு கட்டமாக நடந்த சுத்தம்

முதல் சுத்தம் 2011-ல், 2.6.39 கெர்னலில். அதுவரை மெட்டாடேட்டாவுக்கான பக்கங்கள், சாதாரண ஃபைல் தரவுக்கான பேஜ் கேஷிலிருந்தே வந்துகொண்டிருந்தன. ஒரே பொருளுக்கு எக்ஸ்எஃப்எஸ் ஒரு கணக்கு, பேஜ் கேஷ் இன்னொரு கணக்கு. டேவ் சின்னர் அந்த இரட்டைக் கணக்கை வெட்டிவிட்டார்.

உதிரித் தாள் பிரச்சினை மட்டும் தங்கிவிட்டது. அதைத் தீர்க்க வேறொரு வசதி வர வேண்டியிருந்தது. ஒட்டியிருக்கும் பல பக்கங்களை ஒரே பொருளாகக் கையாளும் ‘ஃபோலியோ’ முறையை மேத்யூ வில்காக்ஸ் கொண்டுவந்தார், 5.16 கெர்னலில் அது சேர்ந்தது. அதை வைத்து சின்னர் 2024-ல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். கிறிஸ்டோஃப் ஹெல்விக் அதை எடுத்து முடிக்க, 2025 மே மாதம் வெளியான 6.15 கெர்னலில் இடம்பெற்றது.

புதிய விதி சின்னது. ஒரு பக்கத்தைவிடச் சிறியதா? சின்னச் சின்ன மெமரித் துண்டுகளைத் தரும் வழக்கமான இடத்தில் வாங்கிக்கொள். பெரியதா? ஒட்டியிருக்கும் ஒரே துண்டாகக் கேள். அதற்காக ரொம்ப அலையாதே. உடனே கிடைக்கவில்லையென்றால், சிதறிய பக்கங்களை ஒரே வரிசையாகத் தைத்துத் தரும் பொதுவான கெர்னல் வசதியிடம் போய்விடு. எந்த வழியில் வந்தாலும் எக்ஸ்எஃப்எஸ்ஸின் மற்ற பகுதிகளுக்குத் தெரிவது ஒரே ஒரு முகவரி, தொடர்ச்சியான ஒரே துண்டு. பக்கக் கணக்கு, ஐநோட் விதிவிலக்கு, எல்லை தாண்டும் சோதனை மூன்றும் போய்விட்டன.

பல நாள் ஓடிய சர்வரில் மெமரி துண்டு துண்டாகிக் கிடக்கும். அங்கே பெரிய துண்டு கிடைப்பது கஷ்டம், தைப்பதும் நடக்கத்தான் செய்யும். ஆனால் அதை இப்போது எக்ஸ்எஃப்எஸ் தானே செய்வதில்லை. இதனால் உங்கள் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகமாகத் திறக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லாபம் பராமரிப்பில்.

மாற்றம் முழுக்க மெமரிக்குள்தான். டிஸ்க்கில் எழுதும் வடிவம் ஒரு பைட்கூட மாறவில்லை. எனவே சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் புதிய கெர்னலுக்குப் போவதற்காக டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டியதில்லை. பழைய டிஸ்க்கை அப்படியே இணைத்துக்கொள்ளலாம்.