கைகளை விரிக்கும் சூப்பர்மேன்: 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்துக்குள் இயேசு இருக்கிறாரா?

பூமிக்கு மேலே விண்கலத்தை நிறுத்திவிட்டு, 24 மணி நேரம் கெடு கொடுக்கிறான் ஜெனரல் ஸாட். மனிதர்களுக்குள் ஒளிந்து வாழும் கால்-எல்லை ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூமிக்கு ஆபத்து. அந்தக் கால்-எல், அதாவது நம்ம கிளார்க் கென்ட், நேராகப் போவது ஒரு சர்ச்சுக்கு. சரணடையலாமா, வேண்டாமா என்று அங்குள்ள பாதிரியாரிடம் மனம்விட்டுப் பேசுகிறான்.

அந்தக் காட்சியில் கிளார்க்கின் முகத்தை மட்டும் பார்த்திருந்தால் ஒரு விஷயத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். அவன் தோளுக்குப் பின்னால் ஒரு வண்ணக் கண்ணாடி ஓவியம் இருக்கும். கெத்செமனே தோட்டத்தில் ஜெபிக்கும் இயேசு. பைபிள்படி, கைதாவதற்குச் சற்று முன்பு, தன்னையே ஒப்புக்கொடுக்கத் தயாரான அந்த இரவு.

"இது வேணும்னே வச்ச மாதிரி இருக்கே?" என்று தோன்றுகிறதா? வேண்டுமென்றே வைத்ததுதான். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

என்னென்ன அடையாளங்கள்?

ஸாக் ஸ்னைடர் இயக்கத்தில், ஹென்றி கேவில் நடித்து 2013 ஜூனில் வெளியான படம் 'மேன் ஆஃப் ஸ்டீல்'. சர்ச் காட்சி ஓர் உதாரணம் மட்டுமே.

சரணடைந்த கிளார்க்கிடம், 'உன் உடம்பில் ஏதாவது வேற்றுக்கிரகக் கிருமி இருந்தால்?' என்ற ரீதியில் ஒரு விஞ்ஞானி சந்தேகப்படுகிறார். 33 வருஷமாக இங்கேதான் இருக்கிறேன், யாருக்கும் எதுவும் ஆகவில்லையே என்கிறான் கிளார்க். சிலுவையில் அறையப்பட்டபோது இயேசுவுக்கு வயது 33 என்பது கிறிஸ்தவ மரபில் பரவலான நம்பிக்கை.

இன்னொன்று, ஸாட்டின் விண்கலத்தில் நடப்பது. இறந்துபோன தந்தை ஜோர்-எல் பிம்பமாகத் தோன்றி, உன்னால் எல்லோரையும் காப்பாற்ற முடியும் என்கிறார். உடனே சூப்பர்மேன் விண்கலத்திலிருந்து பின்பக்கமாக விண்வெளிக்குள் மிதக்கிறான். இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. அப்படியே சிலுவை வடிவம்.

பிறப்பிலும் ஒரு விசேஷம் உண்டு. குழந்தைகளைச் செயற்கையாக 'உற்பத்தி' செய்யும் கிரிப்டான் கிரகத்தில், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு இயற்கையாகப் பிறந்த முதல் குழந்தை கால்-எல்.

தியேட்டருக்கு முன்னால் சர்ச்

இந்த ஒற்றுமைகளை ரசிகர்களே கண்டுபிடிக்கட்டும் என்று தயாரிப்பு நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் காத்திருக்கவில்லை. அமெரிக்காவில் போதகர்களுக்கு முன்கூட்டியே சிறப்புக் காட்சிகள் நடத்தப்பட்டன. ஞாயிறு ஆராதனையில் பயன்படுத்த, படத்தை வைத்தே எழுதிய பிரசங்கக் குறிப்புகளும் கொடுக்கப்பட்டன. இயேசுதான் முதல் சூப்பர்ஹீரோ என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. எழுதியவர் பெப்பர்டைன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரெய்க் டெட்வைலர்.

இதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. 2004-இல் மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' சர்ச்சுகளின் ஆதரவோடு உலகம் முழுக்க 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சர்ச்சுக்கு வரும் கூட்டத்தை தியேட்டருக்கும் வரவைக்கலாம் என்று ஹாலிவுட்டுக்குப் புரிந்த தருணம் அது. 'மேன் ஆஃப் ஸ்டீல்' அந்தப் பாதையில் போனது. சில போதகர்கள் வரவேற்றார்கள். பிரசங்க மேடை சினிமா விளம்பரப் பலகையா என்று கேட்டவர்களும் உண்டு.

ஆனா, இது முதலில் யாருடைய கதை?

இங்கேதான் ட்விஸ்ட். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவருமே கிறிஸ்தவர்கள் இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் வளர்ந்த யூத இளைஞர்கள், புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். துணிக்கடை நடத்திய சீகலின் அப்பா, 1932-இல் கடையில் நடந்த ஒரு திருட்டின்போது இறந்துபோனார். 1938-இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானான். அவன் உரிமை கைமாறியது வெறும் 130 டாலருக்கு.

அழியப்போகும் கிரகத்திலிருந்து பெற்றோர் குழந்தையைச் சின்ன ராக்கெட்டில் வைத்து அனுப்புகிறார்கள். அது அந்நியர்களிடம் வளர்ந்து, எளியவர்களைக் காக்கிறது. 'தளபதி'யில் கூட்ஸ் ரயிலில் விடப்படும் குழந்தையைப் பார்த்ததும் நமக்குக் கர்ணன் ஞாபகம் வருகிறான், இல்லையா? அதுபோல யூத வாசகர்களுக்கு இதில் மோசே ஞாபகம் வருவார். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடமிருந்து தப்பிக்க, நாணல் பேழையில் வைத்து நைல் நதிக்கரையில் விடப்பட்ட குழந்தை மோசே. எகிப்திய அரண்மனையில் வளர்ந்து, பிறகு தன் மக்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டவர்.

பெயரையும் ஆதாரமாகச் சொல்வார்கள். எபிரேய மொழியில் 'ஏல்' என்றால் கடவுள். மிக்கேல், கபிரியேல், இஸ்ரவேல் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். ஆனால் இதில் கொஞ்சம் நிதானம் தேவை. ஆரம்பகால காமிக்ஸில் அந்தப் பெயரின் கடைசியில் இருந்தது 'எல்' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து மட்டுமே. இன்று நாம் பார்க்கும் எழுத்துமுறை பிறகு வந்தது. சீகலும் ஷஸ்டரும் இதையெல்லாம் யோசித்தே எழுதினார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் எதிரிகள் சந்தேகப்படவில்லை. நாஜி ஜெர்மனியில் எஸ்.எஸ். அமைப்பின் பத்திரிகை, 1940-இல் சீகலின் யூத அடையாளத்தைச் சொல்லியே சூப்பர்மேனைத் தாக்கி எழுதியது.

மோசே எப்போது இயேசு ஆனார்?

திருப்பம் 1978-இல் வந்தது. ரிச்சர்ட் டோனரின் 'சூப்பர்மேன்' படத்தில், ஜோர்-எல்லாக வரும் மார்லன் பிராண்டோ, மனிதர்களுக்கு வழிகாட்டத் தன் ஒரே மகனை அனுப்பியதாகச் சொல்கிறார். பைபிள் படித்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்த தொனி என்று உடனே தெரியும். உயிர் பிழைக்க அனுப்பப்பட்ட அகதிக் குழந்தை, உலகை மீட்க அனுப்பப்பட்ட மகனாக மாறியது அந்தப் படத்தில்தான்.

அதன்பிறகு இது ஒரு பழக்கமாகிவிட்டது. 2006-இல் வந்த 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் வில்லன் அவனைக் கிரிப்டோனைட்டால் குத்துகிறான். கைகளை விரித்தபடி வானத்திலிருந்து விழுகிறான் சூப்பர்மேன். பிறகு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து பார்க்கும்போது கட்டில் காலி, ஈஸ்டர் காலையின் காலிக் கல்லறை மாதிரி. 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' அமெரிக்காவில் வெளியான 2016 மார்ச் 25 புனித வெள்ளி. அதில் சூப்பர்மேன் உயிரைக் கொடுக்கிறான். அவன் உடலைக் கீழே இறக்கும் காட்சி, இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் ஓவியங்களை அப்படியே நினைவூட்டும். அடுத்த வருடம் 'ஜஸ்டிஸ் லீக்' படத்தில் மீண்டும் உயிரோடு வருகிறான்.

அடையாளம் வேறு, கருப்பொருள் வேறு

சரி, இத்தனை இருந்தால் அது 'கிறிஸ்தவப் படம்' ஆகிவிடுமா?

இங்கே ஒரு எளிய சோதனை உதவும். ஹீரோ எப்படி நிற்கிறான் என்பதை விட்டுவிட்டு, நெருக்கடியில் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். கெத்செமனே கதையில் சீடர் ஒருவர் வாளை உருவும்போது, அதை உறையில் போடச் சொல்கிறார் இயேசு. எதிரியை அடிக்காமல், அடியைத் தான் வாங்கிக்கொள்வதுதான் அந்தக் கதையின் உயிர்.

'மேன் ஆஃப் ஸ்டீல்' கிளைமாக்ஸில் மெட்ரோபோலிஸ் நகரமே நொறுங்குகிறது. கடைசியில், ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழியே இல்லை என்று ஸாட்டின் கழுத்தை முறிக்கிறான் சூப்பர்மேன். முறித்துவிட்டு வேதனையில் அலறுகிறான். சூப்பர்மேன் காமிக்ஸ் எழுதிய மார்க் வெய்டே இந்தக் காட்சியைக் கடுமையாக விமர்சித்தார். 'வேற வழி இல்லையே' என்று ஸ்னைடர் பக்கம் நின்ற ரசிகர்களும் உண்டு.

யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். படத்தின் பாதியில் எதிரியிடம் தன்னையே ஒப்படைத்தவன், முடிவில் எதிரியைக் கொல்கிறான். சர்ச் காட்சி தொடங்கிவைத்த கேள்விக்குக் கிளைமாக்ஸ் வேறொரு பதிலைச் சொல்கிறது. கண்ணாடி ஓவியத்தை ஃப்ரேமில் வைப்பது எளிது. அதில் இருப்பவரின் முடிவை ஓர் ஆக்‌ஷன் ஹீரோவை எடுக்கவைப்பது கஷ்டம்.

2025-இல் ஒரு மறுப்பு

ஜேம்ஸ் கன் இயக்கிய 2025-ஆம் ஆண்டு 'சூப்பர்மேன்' இந்த மரபையே கேள்வி கேட்டது. பெற்றோர் விட்டுச்சென்ற செய்தியின் பாதியை மட்டும் கேட்டு, மக்களுக்குச் சேவை செய்யவே தன்னை அனுப்பினார்கள் என்று நம்பி வாழ்கிறான் சூப்பர்மேன். மீதிப் பாதி வெளியே வரும்போது இடி விழுகிறது. இந்த மனிதர்களை ஆட்சி செய் என்பதுதான் அவர்கள் சொன்னது. அனுப்பியவர்கள் சொன்னதைவிட, தான் தேர்ந்தெடுப்பதே தன்னை யாரென்று தீர்மானிக்கும் என்பதை வளர்த்த அப்பாவிடமிருந்துதான் அவன் புரிந்துகொள்கிறான். சூப்பர்மேன் ஒரு குடியேறியின் கதை என்று கன் பேட்டியில் சொன்னதும் அமெரிக்காவில் பெரிய விவாதமானது. ஆனால் 1938-இல் கிளீவ்லேண்ட் இளைஞர்கள் எழுதிய கதைக்கு அந்த விளக்கம் புதிதே இல்லை.

சூப்பர்மேனில் இயேசுவைப் பார்ப்பவர்கள் தப்பாகப் பார்க்கவில்லை. பல இயக்குநர்கள் அவரை அங்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் அடுத்த முறை ஒரு ஹீரோ கைகளை விரித்தபடி மிதக்கும்போது, அப்பாவை இழந்த அந்த கிளீவ்லேண்ட் பையனையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். துப்பாக்கிக் குண்டு துளைக்காத ஒரு மனிதன் முதலில் தேவைப்பட்டது அவனுக்குத்தான்.