கிளைடர் பேட்டரிக்கு ஏற்ற சார்ஜர்

ரேடியோவில் இயங்கும் மாதிரி கிளைடரில் எஞ்சின் இல்லை என்றாலும் பேட்டரி உண்டு. சிறகையும் வாலையும் திருப்பும் சர்வோக்களும், தரையிலிருந்து வரும் கட்டளையை வாங்கும் ரிசீவரும் உடலுக்குள் இருக்கும் ஒரு சின்ன பேட்டரி பேக்கை நம்பியே இயங்குகின்றன. மலைச்சரிவில் மேலேறும் காற்று கிடைத்தால் கிளைடர் மணிக்கணக்கில் மிதக்கும். மின்மோட்டார் விமானத்தில் பேட்டரி இறங்கினால் பொதுவாக மோட்டார்தான் முதலில் நிற்கும். தரையிறக்க வேண்டிய நேரம் அப்போதே தெரிந்துவிடும். கிளைடரில் அந்த முன்னறிவிப்பு கிடையாது. எனவே சார்ஜர் வாங்கும்போது வேகத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பேக் நிரம்பிவிட்டதை அது எப்படிக் கண்டுகொள்கிறது என்பதுதான்.

எப்படிக் கண்டுகொள்வது என்பதை பேக்கின் வேதியியல் தீர்மானிக்கிறது. கிளைடர்களில் அதிகம் காணப்படுபவை மூன்று வகை: 4 அல்லது 5 செல் கொண்ட நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக், மோட்டாரால் உயரம் ஏறும் கிளைடர்களில் 2 அல்லது 3 செல் லித்தியம் பாலிமர், ரிசீவருக்கென்றே 6.6 வோல்ட் தரும் 2 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட்.

ரேடியோ செட்டோடு வந்த பழைய சுவர் சார்ஜர்கள் நிரம்பியதைக் கண்டுகொள்வதே இல்லை. 50 மில்லிஆம்பியரை ஓயாமல் தள்ளுவது மட்டுமே அவற்றின் வேலை. 500 மில்லிஆம்பியர்-மணி பேக் இருந்த காலத்தில் ஓர் இரவு முழுக்கச் செருகி வைத்தால் போதும். இன்றைய 2000 பேக்குக்கு, ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், அதே சார்ஜர் இரண்டு நாளுக்கு மேல் எடுக்கும். காலையில் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுச் சரிவுக்குக் கிளம்புகிறவரின் பேக்கில் பாதிகூட இருக்காது. அந்த விளக்குக்கு மின்னோட்டம் போகிறது என்பது மட்டுமே பொருள்.

நிக்கல் பேக்கை வேகமாக ஏற்றும் நல்ல சார்ஜர் செய்வது அழகான ஒரு வேலை. ஏற்ற ஏற்ற செல்லின் மின்னழுத்தம் உயர்ந்துகொண்டே போகும். நிரம்பியதும் துளி இறங்கும். அந்த இறக்கத்தைப் பிடித்தவுடன் சார்ஜர் நிறுத்திவிடும். மின்சாரத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும்போது மின்னழுத்தம் ஏன் இறங்க வேண்டும்? நேர்மின்வாயில் மாற வேண்டிய நிக்கல் ஹைட்ராக்சைடு முழுவதும் மாறி முடிந்த பிறகு, வரும் மின்னோட்டத்துக்குச் சேமிப்பு வேலை இல்லை. அது கரைசலிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கத் தொடங்குகிறது. செல் மூடியிருப்பதால் வாயு வெளியே போக முடியாது. நடுவிலுள்ள தடுப்பைக் கடந்து எதிர்மின்வாயை அடைந்து, அங்கே வினைபுரிந்து மறைகிறது. இதற்காகவே எதிர்மின்வாயைக் கூடுதல் கொள்ளளவோடு செய்கிறார்கள். அங்கே இன்னும் ஏறாத பகுதி மிச்சமிருப்பதால் ஹைட்ரஜன் உருவாவதில்லை. ஒரு பக்கம் பிறந்த ஆக்சிஜன் மறுபக்கம் அழியும் இந்தச் சுற்றில் எதுவும் சேமிக்கப்படுவதில்லை. உள்ளே போகும் ஆற்றல் அனைத்தும் வெப்பமாகிறது. நிக்கல் செல் சூடானால் அதன் மின்னழுத்தம் குறையும். ஆக, இரண்டே கம்பிகள் வழியாக சார்ஜர் படிப்பது செல்லின் உள்வெப்பத்தைத்தான்.

இருட்டில் குழாயடியில் குடம் பிடிப்பவர் கண்ணால் பார்க்காமல் காதால் பார்ப்பது போன்றது இது. நிரம்ப நிரம்ப ஓசை மாறும். மாறியவுடன் குழாயை மூட வேண்டும். குழாயைச் சொட்டுச்சொட்டாக விட்டால் ஓசையே எழாது. அப்படியே, மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஏற்றினால் வெப்பம் மெல்லக் கசிந்துபோய் இறக்கம் தென்படாது. நான்கு குடங்களை ஒன்றாக வைத்து, ஒன்று முன்னதாக நிரம்பினால் ஓசை கலங்கும். செல்கள் சமமில்லாத பேக்கில் இறக்கமும் அப்படித்தான் மங்கும். நெடுநாள் காய்ந்து கிடந்த மண்குடம் முதல் நீர் பட்டதும் வேறுவிதமாகச் சத்தமிடும். நெடுநாள் கிடந்த பேக்கும் தொடக்கத்தில் ஒரு பொய் உச்சம் காட்டும். முதல் சில நிமிடங்கள் இறக்கத்தைப் பொருட்படுத்தாத சார்ஜர்தான் அங்கே ஏமாறாமல் தப்பிக்கும்.

இறக்கத்தின் அளவு பழைய வகை நிக்கல் பேக்கான நிக்கல் காட்மியத்தில் செல்லுக்கு 10 முதல் 20 மில்லிவோல்ட். மெட்டல் ஹைட்ரைடில் 5 அல்லது அதற்கும் குறைவு. காட்மியம் செல் ஏறும்போது வெப்பத்தை உறிஞ்சும் என்பதால் கடைசிச் சூடு துலக்கமாகத் தெரியும். ஹைட்ரைடு செல் ஏறும்போதே சூட்டை விடும். அதனால் வேறுபாடு சிறிது. காட்மியத்துக்கு மட்டும் அளவு வைத்த பழைய சார்ஜர் ஹைட்ரைடு பேக்கை நிறுத்தத் தெரியாமல் வேகவைத்துவிடுவது இதனால்தான். பேக்கின் கொள்ளளவில் பாதி முதல் முழு அளவு வரை மின்னோட்டம், அதாவது 2000 பேக்குக்கு 1 முதல் 2 ஆம்பியர், பொருத்தமானது.

வரலாறு சுருக்கமானது. நிக்கல் காட்மியம் பேட்டரியை சுவீடனின் வால்டெமர் யுங்னர் 1899-இல் உருவாக்கினார். 1973-இல் ஆஸ்திரியாவில், மாதிரி விமான வடிவமைப்பாளர் ஃபிரெட் மிலிட்கியின் முயற்சியால், மின்சாரத்தில் இயங்கும்படி மாற்றப்பட்ட மோட்டார் கிளைடர் ஒன்று அதே வகை பேட்டரியோடு மனிதரைச் சுமந்து பறந்தது. லித்தியம் அயனியை சோனி 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

லித்தியத்தில் மேலே சொன்ன ஆக்சிஜன் சுற்று கிடையாது. மிகுதியாகப் போனதை உள்ளேயே கரைக்கும் வழி இல்லாததால் உலோக லித்தியம் படியும், செல் உப்பும், தீப்பிடிக்கும். எனவே சார்ஜர் முதலில் நிலையான மின்னோட்டம் தந்து, செல்லுக்கு 4.20 வோல்ட் ஆனதும் அந்த மின்னழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு, மின்னோட்டம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை காத்திருக்கும். இரும்பு பாஸ்பேட்டுக்கு எல்லை சுமார் 3.6 வோல்ட். நிக்கல் நிரலில் லித்தியம் பேக்கைச் செருகுவது மிகக் கொடிய பிழை. லித்தியத்தில் ஒருபோதும் வராத இறக்கத்துக்காக சார்ஜர் ஏற்றிக்கொண்டே இருக்கும். செல்களைத் தனித்தனியே அளந்து சமன்செய்யும் பேலன்ஸ் இணைப்பு இல்லாத லித்தியம் சார்ஜரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

பெட்டி மேல் அச்சிட்ட ஆம்பியர் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 50 வாட், 6 ஆம்பியர் என்றிருந்தால், 12.6 வோல்ட்டை நெருங்கும் 3 செல் பேக்குக்கு அது தருவது 4 ஆம்பியர்தான். ரிசீவர் பேக்குக்கு அதுவே மிகையானது. அதிவேக ஏற்றம் என்ற விளம்பரமும் கிளைடர்காரருக்குப் பயனில்லை. பேக்கின் ஆயுள்தான் குறையும்.

சரிவில் மின்சாரம் கிடைக்காது. ஆகவே காரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தும் இயங்குகிற, உள்ளே போன மில்லிஆம்பியர்-மணியைத் திரையில் காட்டுகிற சார்ஜரே வேண்டும். காலி பேக்கில் 2000-க்குப் பதில் 700 மட்டும் ஏறியிருந்தால் பொய் உச்சம் உடனே பிடிபடும். இறக்கிப் பார்க்கும் வசதியும் இருப்பது நல்லது: பருவத்துக்கு ஒருமுறை பேக்கை முழுதாக ஏற்றி, அளவோடு இறக்கி, வெளிவந்த கொள்ளளவை அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடலாம். ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போன பேக்கைக் கிளைடரிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம்.