மழை வருமுன் கூரையைப் பார்!
அஸ்திவாரத்தைக் காக்கும் அரை நாள் வேலை. ஊருக்குப் புறப்படும் மும்பைத் தமிழர்கள் கவனத்துக்கு

மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் மாதம் 10, 11-ந் தேதி வாக்கில் இறங்குகிறது. தமிழ் மாதக் கணக்கில் அது வைகாசிக் கடைசி. நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் அடைமழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அங்கே புரட்டாசியில் ஓடு மாற்றினால் போதும். அந்தக் கணக்கு மும்பைக்கு உதவாது.

இதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை விடுவது மே மாதத்தில். கோவில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று குடும்பத்தோடு ஊருக்குப் போவதும் அந்த மாதத்தில்தான். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்துக்கு ரெயிலைப் பிடித்துத் திரும்பி வந்தால், பூட்டிய வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது. அரிசி டப்பா நனைந்து கிடக்கிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி இருக்கிறது.

கூரையைச் சுத்தம் செய்ய வேண்டிய மாதமும் அதே மே மாதம்தான். எனவே பெட்டி கட்டும் முன்பு கூரையைக் கவனிக்க வேண்டும். கத்தரி வெயில் முடிவதற்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும். பத்ரா கூரையானாலும், ஓட்டுக் கூரையானாலும், மொட்டை மாடியானாலும் இது பொருந்தும்.

எத்தனை டிரம் தண்ணீர்?

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம் வீட்டுக் கூரையைப் பார்க்கலாம்.

பத்துக்குப் பதினைந்து அடி வீடு என்றால் கூரை ஏறக்குறைய 14 சதுர மீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். ஆக, அந்தச் சின்னக் கூரையில் நாலு மாதத்தில் விழும் தண்ணீர் 28,000 லிட்டர். இருநூறு லிட்டர் டிரம்மில் பிடித்தால் 140 டிரம்!

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதியை மும்பைத் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு கரை புரண்டது. நூற்றுக்கணக்கானோர் உயிர் இழந்தார்கள். அந்த ஒரே நாளில், மேலே சொன்ன சின்னக் கூரையில் விழுந்திருக்கக்கூடிய தண்ணீர் 65 டிரம்முக்கு மேல்.

இத்தனை தண்ணீரும் கூரை ஓரத்தில் மாட்டியிருக்கும் தகர வாய்க்காலில் விழுந்து, குழாய் வழியாக இறங்கி, தெருச் சாக்கடைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் ஒரு கை அளவு குப்பை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

கூரையில் அடைப்பு, அடியில் ஆபத்து

அரச மரமும் தூங்குமூஞ்சி மரமும் உதிர்க்கும் இலைகள், காகம் கொண்டுவந்து போட்ட எலும்பு, காற்றில் பறந்த பிளாஸ்டிக் பை, பட்டத்து நூல், மாடியில் இருந்து எறிந்த குப்பை எல்லாம் எட்டு மாதமாக அந்த வாய்க்காலில் சேர்ந்து கிடக்கின்றன. புழுதி படிந்து அது மண்ணாகவே ஆகிவிடுகிறது. அந்த மண்ணில் செடிகூட முளைக்கிறது.

முதல் மழையில் அந்த மண் சேறாகிக் குழாயின் வாயை அடைக்கும். தண்ணீர் போக வழி இல்லை. வாய்க்கால் நிரம்பி, தாழ்வான ஓர் இடத்தில் வழியும். கூரை முழுவதும் விழுந்த தண்ணீர் ஒரே இடத்தில், அதுவும் சுவரை ஒட்டியே விழும். அந்த இடத்தில் தரை குழியாகும். குழியில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் அஸ்திவாரத்துக்குள் இறங்கும்.

தாராவி போன்ற இடங்கள் ஒரு காலத்தில் சதுப்பு நிலங்கள். குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கிய தரை அது. கெட்டியான பாறை மேல் நிற்கும் கட்டிடங்கள் அல்ல அங்கே இருப்பவை. பல வீடுகளுக்கு அஸ்திவாரமே இரண்டு மூன்று அடிதான். அதன் மேல் ஒரு மாடி, சில இடங்களில் இரண்டு மாடி. நிரப்பிய மண் ஒரு பக்கம் மட்டும் ஊறினால், அந்தப் பக்கம் மட்டும் அமுங்கும். வீடு சிறிது சாயும். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும். கதவு பிடிக்கும், தாழ்ப்பாள் சேராது. இவை எல்லாம் அஸ்திவாரம் கொடுக்கும் எச்சரிக்கை.

செங்கலுக்குத் தண்ணீரை உறிஞ்சும் குணம் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, அடியில் தேங்கிய ஈரம் சுவரில் மேலே ஏறும். சுவரில் உப்பு பூக்கும். சாந்து பொரிந்து உதிரும். பலர் அதன் மேல் பெயிண்ட் அடிக்கிறார்கள். ஈரம் வரும் வழியை அடைக்காமல் பெயிண்ட் அடித்தால், அடுத்த மழையில் அதுவும் உரிந்து விழும். காசுக்குக் கேடு.

கான்கிரீட் தூண்களுக்கும் இதே கதிதான். ஈரம் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். தூணில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால், உள்ளே கம்பி அரிபடுகிறது என்று அர்த்தம்.

ரோடு உயர, வீடு தாழும்

மும்பையில் இன்னொரு வேடிக்கை உண்டு. தெருவுக்குப் புதிதாகத் தார் போடும்போதும் காங்கிரீட் போடும்போதும் தெரு சில அங்குலம் உயர்ந்துவிடுகிறது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. கூரைத் தண்ணீர் தெருவுக்குப் போவதற்குப் பதிலாகத் தெருத் தண்ணீர் வீட்டுக்கு வருகிறது.

நகரின் பழைய மழைநீர்ச் சாக்கடைகள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் அளவுக்குத்தான் கட்டப்பட்டவை. அதை 50 மில்லிமீட்டராக உயர்த்தும் பெரிய திட்டம் 1993-ல் வகுக்கப்பட்டது. 2005 வெள்ளத்துக்குப் பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. கனமழையோடு கடலில் பெரிய அலையேற்றமும் சேர்ந்துகொண்டால், சாக்கடைத் தண்ணீர் கடலில் இறங்க முடியாமல் திரும்பி நிற்கும்.

மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதிக்குள் நாலாக்களைத் தூர் வார வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறது. வாரிய சேற்றைக் கரையிலேயே போட்டுவைத்தால் முதல் மழையில் அது மறுபடியும் நாலாவுக்குள்ளேயே போய்விடும். அப்படிக் கிடந்தால் மாநகராட்சியின் 1916 எண்ணுக்குப் புகார் செய்யலாம்.

செய்ய வேண்டியவை

1. கூரை வாய்க்காலில் உள்ள குப்பையைக் கையுறை போட்டுக்கொண்டு அள்ளி, சாக்குப் பையில் கட்டிக் கீழே இறக்க வேண்டும். குழாய்க்குள் தள்ளிவிடக்கூடாது. தள்ளினால் அடைப்பு இடம் மாறுமே தவிரப் போகாது.

2. பிறகு ஒரு வாளித் தண்ணீரை வாய்க்காலின் ஒரு முனையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் நிற்காமல் குழாய்க்குப் போக வேண்டும். நடுவில் தேங்கினால், அங்கே தாங்கும் கம்பி தளர்ந்திருக்கிறது.

3. குழாயின் வாயில் கம்பி வலை வைக்கலாம். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை அந்த வலையைப் பார்க்க வேண்டும்.

4. குழாய் இறங்கும் இடத்தில் தண்ணீர் சுவரடியில் விழக்கூடாது. ஒரு வளைவுக் குழாய் மாட்டிச் சாக்கடை வரை கொண்டுபோக வேண்டும். சுவரைச் சுற்றி, வெளிப்பக்கம் சரிவாகச் சிமெண்ட் பூசுவது நல்லது.

5. சுவர் இடுக்கில் முளைத்த அரசு, ஆல் கன்றுகளை வேரோடு எடுக்க வேண்டும். மேலே மட்டும் ஒடித்தால் வேர் உள்ளே தடித்துச் சுவரைப் பிளக்கும்.

6. தாட்பத்ரி கட்டும்போது அதன் ஓரம் வாய்க்காலுக்குள் விழ வேண்டும். வாய்க்காலைத் தாண்டித் தொங்கினால் தண்ணீர் அத்தனையும் பக்கத்து வீட்டுச் சுவரில்தான்.

7. தாட்பத்ரி பறக்காமல் இருக்கக் கூரை மேல் போட்ட பழைய டயர்களில் தண்ணீர் நிற்கும். டெங்கு, மலேரியா கொசுக்களுக்கு அதுதான் தொட்டில். டயருக்குப் பதில் கல்லோ மணல் மூட்டையோ வைக்கலாம்.

8. சுற்றுச்சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் அடைபட்டிருந்தால் திறந்துவிட வேண்டும். சுவருக்குப் பின்னால் ஊறிய மண்ணின் பாரத்தைச் சுவர் தாங்காது. 2019 ஜூலை 2-ந் தேதி அதிகாலை, கனமழையில் மலாட் கிழக்கில் ஒரு சுற்றுச்சுவர் இடிந்து குடிசைகள் மேல் விழுந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

உயிர் முக்கியம்

சிமெண்ட் பத்ரா மேல் நேராகக் கால் வைக்கக்கூடாது. வெயிலில் காய்ந்த பத்ரா எப்போது உடையும் என்று தெரியாது. கீழே மரச்சட்டம் போகும் இடத்துக்குக் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல்தான் நகர வேண்டும். கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கூரையை ஒட்டி மின்சார ஒயர் போனால், மெயினை நிறுத்தாமல் ஏறவே கூடாது. தகர வாய்க்காலில் கசிந்த மின்சாரம் ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

தெருவில் உள்ள மேன்ஹோல் மூடியை யாரும் திறக்கவேண்டாம். 2017 ஆகஸ்ட் 29-ந் தேதி பெய்த மழையில், தண்ணீர் வடிவதற்காகத் திறந்து விடப்பட்ட மேன்ஹோலுக்குள் விழுந்து ஒரு டாக்டர் உயிரிழந்தார். சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்குவதும் கூடாது. உள்ளே இருக்கும் விஷ வாயு நொடியில் கொல்லும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்கள், குறிப்பாகக் காலில் புண் உள்ளவர்கள், டாக்டரைப் பார்க்க வேண்டும். எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோ காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் வருகிறது.

செலவு யாருடையது?

பல சால்களில் வேலை நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

"அண்ணாச்சி, உங்க கூரைத் தண்ணி எங்க சுவத்துல விழுது" என்பார் கீழ்வீட்டுக்காரர்.

"நான் என்ன செய்ய தம்பி? சேட்டுதான் பாக்கணும்" என்பார் மேல்வீட்டுக்காரர்.

சேட்டு பார்க்க மாட்டார். வாங்கும் வாடகை பெயிண்டுக்குக்கூடக் காணாது என்பார். நடுவில் சுவர் கரைகிறது. கரைவது கீழ்வீட்டுச் சுவர்தான் என்றாலும், அது விழுந்தால் மேல்வீடு எங்கே நிற்கும்?

மும்பைத் தீவு நகரில் செஸ் வரி கட்டும் பழைய கட்டிடங்களுக்கு மாடாவின் கீழ் உள்ள பழுதுபார்ப்பு வாரியம் இருக்கிறது. குடியிருப்போர் சேர்ந்து அங்கே எழுதிக் கொடுக்கலாம். வாரியம் மழைக்கு முன்பு ஆபத்தான கட்டிடங்களின் பட்டியலையும் வெளியிடுகிறது. கூட்டுறவுச் சொசைட்டி வீடுகளில் மொட்டை மாடிக் கசிவும் மழைநீர்க் குழாயும் சொசைட்டியின் பொறுப்பு. தனி வீட்டுக்காரர் தலையில் கட்ட முடியாது. முப்பது ஆண்டைத் தாண்டிய கட்டிடத்துக்கு என்ஜினீயரை வைத்துப் பரிசோதனை செய்வது மாநகராட்சிச் சட்டப்படி கட்டாயம்.

ஆனால் குப்பை அள்ளுவதற்கு வாரியமும் வேண்டாம், சேட்டும் வேண்டாம். ஒரு வரிசையில் பத்து வீடு இருந்தால், வீட்டுக்கு ஓர் ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். வயதானவர்களும் தனியாக இருக்கும் பெண்களும் உள்ள வீடுகளை இளைஞர்கள் சேர்த்துக் கவனிக்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்து, முதல் மழை பெய்ததும் பார்க்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஆலையிலும் ஆபீசிலும் பட்டறையிலும் உழைத்து, சீட்டுப் போட்டு, வீட்டுக்காரியின் நகையை வைத்து வாங்கிய இடம் அது. மும்பையில் ஒரு பத்துக்குப் பதினைந்து இடம் மறுபடியும் வாங்குவது லேசான காரியம் அல்ல. அதற்குப் பெரிய செலவு செய்து அரண் கட்ட வேண்டியதில்லை. ஓர் ஏணி, ஒரு சாக்கு, ஒரு வாளித் தண்ணீர், அரை நாள் உழைப்பு. இது போதும்.