வீதி திருத்தும் செலவை இறுப்பவர் யார்?

சோலைவரி என்பது எம்மவர் யாவரும் அறிந்ததொன்று. நகரசபையின் எல்லைக்குள் வீடும் வளவும் உடையோர், அவற்றின் ஆண்டுப் பெறுமதிக்கு ஏற்ப, நூற்றுக்கு இத்தனை என்னும் வீதத்தில் அதனை இறுத்து வருகின்றனர். அவ்வாறு சேரும் பணம் ஒரு பொதுப் பெட்டியுட் சென்று விழுகின்றது. எந்த ஒழுங்கைக்குத் தார் இடப்பட்டது, எந்தச் சந்தியில் விளக்கு நாட்டப்பட்டது என்பதற்கும், எவர் எவ்வளவு இறுத்தார் என்பதற்கும் நேரான தொடர்பு எதுவும் இல்லை. தம் வாசலிற் பள்ளமும் சேறும் இருக்க, அயல் வட்டாரத்து வீதிக்குப் பணம் கொடுத்தவராக ஒருவர் ஆகிவிடுதலும் உண்டு. இதனை நாம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. பொதுவரியின் இயல்பே அதுவாகும்.

இதற்கு மாறான ஒரு முறை ஐக்கிய அமெரிக்க நகரங்களில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஒரு வீதிக்குக் கல்லும் தாரும் இடுவதாயினும், நடைபாதை கட்டுவதாயினும், நீர்க்குழாயோ கழிநீர்க்குழாயோ புதைப்பதாயினும், அச்செலவை முழுமையாகவேனும் பகுதியாகவேனும் அவ்வீதியோரத்துக் காணிகளின் மீதே பங்கிட்டு விதிப்பது அம்முறை. இதனைச் 'சிறப்பு விதிப்பு' என இங்கே வழங்குவோம். எமது கல்லூரியின் பழைய மாணவருள் உள்ளூராட்சி மன்றங்களில் அங்கம் வகிப்போரும், சட்டம், காணி மதிப்பீடு, பொறியியல் ஆகிய துறைகளிற் பணிபுரிவோரும் பலராதலின், இம்முறையின் நியாயத்தையும் இடர்ப்பாட்டையும் ஆராய்வது இம்மலருக்கு ஏற்புடைத்தெனக் கருதினோம்.

இதன் அடிப்படை எளியது. வீதி திருந்தினால் அதனை நோக்கிய காணியின் விலை உயர்கின்றது. அவ்வுயர்வு காணிக்காரரின் உழைப்பால் வந்ததன்று. ஊரார் கூடிச் செய்த செலவினால் வந்தது. ஆகவே, அவ்வுயர்விலிருந்து செலவை ஈடு செய்தல் முறை என்பர். இதனோடு ஒட்டி ஒரு வரம்பும் உண்டு. ஒரு காணியின் மேல் விதிக்கப்படும் தொகை, அக்காணி சிறப்பாக அடையும் நன்மையை விஞ்சுதலாகாது என்பதே அது. இந்த விதிப்பைச் சாதாரண வரியினின்றும் பிரித்துக் காட்டுவது அவ்வரம்பு ஒன்றே. அதனை எடுத்துவிட்டால், வீதியோரத்தில் அகப்பட்டவரிடம் பணம் பறித்தலாகவே இது முடியும்.

அமெரிக்கர் இதனைத் தாமாகக் கண்டுபிடித்தாரல்லர். சதுப்பு நிலங்களில் நீரை வடித்து அணை காப்பதற்கான செலவை, அதனாற் பயனடையும் நிலங்களிடமிருந்தே பெறுமாறு இங்கிலாந்தில் 1427 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 1666 இல் இலண்டன் மாநகர் தீக்கிரையானபின், வீதிகளை அகலமாக்கி மீளக் கட்டுவதற்கென 1667 இல் எழுந்த சட்டமும் இக்கொள்கையைத் தழுவியது. அச்சட்டத்தைப் பின்பற்றியே 1691 இல் நியூயோர்க் குடியேற்றத்தில் வீதிக்கும் வடிகாலுக்குமான விதிப்பு முறை புகுத்தப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்கள் பெருகப் பெருக, இதுவும் அவற்றோடு பெருகிற்று.

வரம்பு மீறப்படுமிடத்து என்ன நிகழும் என்பதற்கு ஒகையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரை அடுத்துள்ள நோர்வூட் என்னும் ஊரில் எழுந்த வழக்கு ஒன்று நல்ல சான்றாகும். அங்கே பேக்கர் அம்மையார் ஒருவருக்கு நிலம் இருந்தது. ஊர்மன்றம் அந்நிலத்தின் ஊடாக ஒரு வீதியைத் திறக்க விரும்பி, அதற்கு வேண்டிய துண்டைச் சட்டப்படி எடுத்துக்கொண்டது. எடுத்த நிலத்துக்கு 2,000 டொலர் நட்டஈடு கொடுக்குமாறு யூரிமார் தீர்த்தனர். இதுவரை குற்றங் காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், வீதி திறந்ததால் அதன் இருபுறத்துக் காணிக்கும் நன்மை உண்டாயிற்று என்று மன்றம் கூறியது. அவ்விருபுறமும் அவ்வம்மையாருடையனவே. ஆகவே நட்டஈட்டுத் தொகையையும், நிலம் எடுத்த வழக்கின் செலவையும், சட்டத்தரணிக்கும் சாட்சிக்கும் கொடுத்த பணத்தையும் ஒன்றாகக் கூட்டி 2,218 டொலர் 58 சதம் என வகுத்து, அவருடைய எஞ்சிய நிலத்தின் மேலேயே விதித்தது. நிலத்தை இழந்தவர், அதன் விலையைத் தாமே தமக்குக் கொடுத்து, அதற்கு மேல் 218 டொலர் 58 சதமும் கொடுக்கவேண்டியவர் ஆனார்! வலக்கையாற் கொடுத்ததை இடக்கையாற் பறித்தது மட்டுமன்றி, கொடுத்த கூலியையும் கேட்டவாறாயிற்று.

இவ்வழக்கு ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1898 ஆம் ஆண்டு டிசெம்பரில், நீதியரசர் ஹார்லன் பெரும்பான்மையோர் தீர்ப்பை வழங்கினார். அடைந்த சிறப்பு நன்மைக்குக் கணிசமாக மிஞ்சி விதிக்கப்படுவது, மிஞ்சிய அளவுக்குத் தனியார் சொத்தை ஈடின்றிக் கவர்தலாகும் என்பது அதன் சாரம். நன்மை எவ்வளவு என்று எவரும் ஆராயவில்லை. முகப்பு அடிக்கணக்கைக் கொண்டு செலவு முழுவதையும் ஏற்றிவிட்டனர். அம்மையார் வென்றார்.

இத்தீர்ப்பைக் கேட்டு நகரசபைகள் நடுங்கின. அந்நாளில் நாடெங்கும் முகப்பு அடிக்கணக்கின்படியே செலவு பங்கிடப்பட்டு வந்தது. ஒவ்வொரு காணிக்கும் தனித்தனி நன்மையை நிறுவவேண்டுமாயின் எவ்வீதியும் முற்றுப்பெறாது என்று அஞ்சினர். 1901 இல் மிசூரி மாநிலத்துக் கான்சாசு நகர வீதியொன்றுக்குத் தாரிட்ட வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தபோது, பெரும்பான்மையோர் அடிக்கணக்கை ஏற்றுக்கொண்டனர். நோர்வூட்டில் நிகழ்ந்தது தனிப்பட்ட கொடுமை என்றும், அதிலிருந்து பொதுவிதி பெறலாகாது என்றும் பிரித்துக் காட்டினர். ஹார்லன் இம்முறை உடன்படாதோர் பக்கத்தில் நின்றார். மூன்றாண்டுக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தில் நீதியைக் காட்டிலும் நிருவாக வசதியே மேலோங்கியது என்பது எமது எண்ணம்.

அடிக்கணக்கு என்றால் என்னவென்று ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். 600 அடி நீளமான ஒரு வீதியை வைத்துக்கொள்வோம். இரு மருங்கும் சேர்ந்து முகப்பு 1,200 அடி. செலவு 240,000 டொலர் எனின், அடிக்கு 200 டொலர் ஆகும். 60 அடி முகப்புடைய வீட்டுக்காரர் 12,000 டொலர் இறுப்பார். பக்கத்திலே 120 அடி முகப்பில் சிறுவீடு கட்டித் தனியே வாழும் முதியவர் 24,000 டொலர் இறுக்கவேண்டும். எதிரே 60 அடி முகப்பில் முப்பது குடும்பங்கள் வாழும் மாடிக் கட்டிடத்துக்கோ 12,000 டொலர்தான். அவ்வீதியிற் கூடுதலான வண்டிகளை ஓட்டுவோர் எவர் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. இன்னும், இரு வீதி கூடும் மூலைக்காணிக்காரரை இரண்டு வீதியும் பிடித்துக்கொள்கின்றன. ஆதலின் சில நகரங்கள் மூலைக்காணியின் நீண்ட பக்கத்திற் கழிவு கொடுக்கின்றன. சில பரப்பளவை எடுக்கின்றன. சில வீட்டுக்கு இவ்வளவென்று சமமாக வகுக்கின்றன. எவ்வளவுகோலும் எவரேனும் ஒருவருக்கு நோவையே தருகின்றது.

நடைமுறைக்கு மினசோட்டா மாநிலத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே மாநிலச் சட்டத்தின் 429 ஆம் அதிகாரம் இதனை ஒழுங்கு செய்கின்றது. வேலை இயலுமா, தகுமா, எவ்வளவு செலவாகும் என்று பொறியியலாளர் முதலில் அறிக்கை கொடுப்பார். காணிக்காரருக்கு அஞ்சலில் அறிவித்தல் சென்றபின் பகிரங்கக் கூட்டம் நடைபெறும். முகப்பில் நூற்றுக்கு 35 பங்குக்குக் குறையாத காணிகளின் சொந்தக்காரர் தாமே விண்ணப்பித்திருந்தால், சபையின் சாதாரணப் பெரும்பான்மை போதும். எவரும் கேளாமல் சபையே தொடங்குவதாயின் ஐந்தில் நான்கு பங்கினர் இசைய வேண்டும். செலவை வகுக்கும்போது மற்றுமொரு கூட்டம். அதற்கு முன்னரோ அக்கூட்டத்திலோ கையொப்பமிட்ட எழுத்து மூலம் ஆட்சேபித்தவர், தீர்மானம் நிறைவேறி 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். வாயால் மட்டும் முழங்கிவிட்டு வீடு சென்றவருக்கு அவ்வழி அடைபட்டுவிடும். சந்தை விலையில் வேலைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்னும் வேறுபாடே அங்கே நன்மையின் அளவாகக் கொள்ளப்படுகின்றது.

இவ்வளவுகோல் அண்மைக் காலத்தில் நகரங்களுக்கே இடையூறாகியுள்ளது. சேற்று வழி தார்வீதியாகுமிடத்துக் காணிவிலை ஏறுவதை எவரும் மறுக்கார். கிணறும் மலக்குழியும் இருந்த வளவுக்குக் குழாய் வந்தாலும் அவ்வாறே. ஆனால் முன்னரே தாரிட்ட வீதி நாற்பதாண்டுக்குப் பின் பழுதடைய, அதனைத் தோண்டி மீளப் போடும்போது, வீட்டின் விலை எவ்வளவு ஏறும்? செலவு 12,000 ஆக, விலையேற்றம் 5,000 தான் என்று மதிப்பீட்டாளர் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், மிகுதி 7,000 பொதுப் பணத்திலிருந்தே வரவேண்டும். இவ்வில்லங்கத்தை விட்டு விலகி, மின்சாரம், எரிவாயு ஆகியவற்றின் பட்டியலோடு ஒரு கட்டணத்தைச் சேர்த்து வீதிச் செலவைத் தேடும் நகரங்களும் அம்மாநிலத்தில் உண்டு.

எமக்கு இதனினும் பாரதூரமாகத் தோன்றுவது வேறொன்று. விலையேற்றம் காகிதத்தில் நிகழ்வது. விதிப்போ கைப்பணமாக இறுக்கவேண்டியது. காணியை விற்பவருக்கு இரண்டும் ஒருநாளிற் சந்திக்கலாம். பிறந்த வீட்டிலேயே இருந்து கண்மூட விரும்பும் ஓய்வூதியக்காரருக்கு அவை ஒருபோதும் சந்திப்பதில்லை. தவணை கொடுப்பது இதற்கு ஒரு பரிகாரம். 12,000 டொலரைப் பதினைந்து ஆண்டில் நூற்றுக்கு 5 வட்டியோடு இறுப்பதாயின், முதலாண்டில் முதல் 800, வட்டி 600, ஆக 1,400 டொலர் வரும். மினசோட்டாவில், 65 வயது நிறைந்து, இறுப்பது இடுக்கணாக உள்ள வீட்டுக்காரருக்கு, வீடு கைமாறும் வரை அல்லது அவர் இறக்கும் வரை ஒத்திவைக்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு. அதிகாரம் உண்டேயன்றிக் கடமை இல்லை. கடமையாக்கியிருக்க வேண்டுமென்பதே எமது கட்சி. இறுக்கத் தவறினால் காணி ஏலத்துக்குப் போகும் என்பதை எண்ணும்போது, இதிற் சபையின் மனப்போக்குக்கு இடம் விடுதல் தகாது.

வேலை முடிக்கப் பணம் முன்னதாகத் தேவை. விதிப்போ ஆண்டாண்டாக வருவது. இடைவெளியை நிரப்பக் கடன்முறி விற்பர். 1920 களிற் காணி வியாபாரம் கொழுத்திருந்தபோது, புளோரிடா, மிச்சிகன் முதலிய மாநிலங்களில், ஒருவரும் குடியேறாத வயல்வெளிகளைத் துண்டாக்கி, வீதியும் நடைபாதையும் குழாயும் அமைத்து, செலவை அத்துண்டுகளின் மேல் ஏற்றினர். சந்தை சரிந்ததும், கொடுக்கவேண்டிய விதிப்பு காணியின் விலையைக் கடந்தது. வாங்கினோர் கைவிட்டு ஓடினர். 1930 களில் முறிகள் பல இறுக்கப்படாது போயின. வீடில்லாத வீதிகளிற் புல் முளைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் இம்முறைக்கு நற்பெயர் இல்லை.

கலிபோர்ணியாவில் அது மறுபிறப்பெடுத்தது. 1978 ஆம் ஆண்டு யூன் மாதம் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13 ஆம் பிரேரணை, சொத்துவரியை மதிப்பில் நூற்றுக்கு ஒன்றாகக் கட்டுப்படுத்தியது. பொதுப்பெட்டி வற்றவே, நகரங்கள் சிறப்பு விதிப்பின்பாற் சாய்ந்தன. நன்மை பொதுவாய் இருப்பனவற்றுக்குங்கூட இப்பெயரைச் சூட்டத் தொடங்கினர். அதற்கு மறுமொழியாக 1996 நவம்பரில் 218 ஆம் பிரேரணை வந்தது. பொது நன்மையையும் சிறப்பு நன்மையையும் பிரித்து, பதிவு பெற்ற பொறியியலாளர் அறிக்கை தரவேண்டும். காணிக்காரருக்கு அஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பவேண்டும். எதிர்ப்பு மிகுந்தால் விதிக்கலாகாது. அவ்வாக்கு தலைக்கொன்றன்று. அதிகம் இறுக்கவேண்டியவரின் வாக்குக்கு அதிக நிறை உண்டு. வாடகைக்குக் குடியிருப்போர், வாடகை வாயிலாக அச்சுமையைத் தாங்குவோராயினும், பெரும்பாலும் வாக்கில்லாதோரே. லொஸ் ஏஞ்சலிசு நகரிற் பெரும்பாலான காணிகளின் தெருவிளக்கு விதிப்பு, இவ்வாக்கெடுப்புக்கு அஞ்சி, கால் நூற்றாண்டுக்கு மேலாக 1996 இல் நின்ற தொகையிலேயே நின்றது. மின்கட்டணமும் கூலியும் மட்டும் நிற்கவில்லை.

கோயில்களும் பாடசாலைகளும் இதில் எங்கே நிற்கின்றன என்று வாசகர் கேட்கலாம். மினசோட்டாவில் அவை சொத்துவரிக்கு விலக்கானவை. சிறப்பு விதிப்புக்கு விலக்கானவையல்ல. வரி வேறு, பெற்ற நன்மைக்கு ஈடு வேறு என்பதே காரணம். அம்மாநிலத் தலைநகரான சென் போலில், வீதி பெருக்குதல், பனி அகற்றல் முதலிய வருடாந்தப் பராமரிப்புச் செலவை முகப்பு அடிக்கணக்கில் எல்லாக் காணிகளிடமும் பெற்று வந்தனர். இது வெறும் ஒழுங்குவிதிக் கட்டணமே, ஆகவே நன்மையை நிறுவவேண்டியதில்லை என்பது நகரின் வாதம். நகர மத்தியில் உள்ள இரு தேவாலயங்கள் வழக்காடின. 2016 ஆகத்து மாதத்தில் மாநில உயர்நீதிமன்றம், இது வரிவிதிக்கும் அதிகாரத்தின்பாற் பட்டதே எனத் தீர்ப்பளித்து, விதித்த தொகை தேவாலயங்கள் அடைந்த சிறப்பு நன்மையை விஞ்சியதா என்று ஆராயுமாறு வழக்கைக் கீழ்மன்றுக்கு அனுப்பியது. நகரசபை 2018 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலே அச்செலவின் பெரும்பகுதியைப் பொதுவான சொத்துவரிக்கு மாற்றிக்கொண்டது. தேவாலயங்களின் சுமை அவ்வளவுக்குக் குறைந்தது. சாதாரண வீட்டுக்காரரின் வரிச்சீட்டிலே அவ்வாண்டு அத்தொகை ஏறியது.