பண்ணைக்குப் பிள்ளைகள் வர்றாங்க, கிணத்துக்கு வேலி இருக்கா?

நம்மிடம் அரிசியும் நாட்டுச்சர்க்கரையும் வாங்கும் நகரத்துக் குடும்பங்கள், விடுமுறை வந்தால் "ஒருநாள் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமாங்க?" என்று கேட்கிறார்கள். நாமும் "தாராளமா வாங்க" என்கிறோம். அப்படித்தான் சொல்ல வேண்டும். சோறு எந்த மண்ணிலிருந்து வருகிறது என்று பார்த்த பிள்ளை அதை வீணாக்க யோசிக்கும். ஆனால் "வாங்க" என்று சொன்ன நிமிடத்திலிருந்து அந்தப் பிள்ளைகளின் உயிருக்கும் நாம் பொறுப்பு.

"நாங்கல்லாம் இந்தக் கிணத்துல குதிச்சுத்தான் வளர்ந்தோம், என்ன ஆகிடப் போகுது?" என்று நம்மில் பலர் கேட்போம். நியாயமான கேள்விதான். எந்த வரப்பு வழுக்கும், எந்த மாடு முட்டும், மோட்டார் கொட்டகையில் எங்கே கை வைக்கக் கூடாது என்று நம்ம பிள்ளைகளுக்குத் தெரியும். யாரும் பாடம் நடத்தித் தெரிந்ததல்ல, தினமும் பார்த்துப் பழகியது. அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்லை. பாசி மூடிய குட்டை அதன் கண்ணுக்குப் புல்தரையாகத் தெரியும்.

அதனால் விருந்தினர் வருவதற்கு இரண்டு நாள் முன்பே பண்ணையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அங்கங்கே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, நாலு வயசுப் பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள். நிற்கும்போது தெரியாத பல விஷயம் அப்போது தெரியும்.

முதலில் தண்ணீர்

தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். சின்னக் குழந்தைக்கு முழங்கால் அளவுத் தண்ணீரும் ஆபத்துதான். மாட்டுத் தொட்டி, தரையோடு பதித்த சிமென்ட் தொட்டி, மூடியில்லாத ஜீவாமிர்த டிரம் எல்லாவற்றையும் மூடுங்கள். சாண எரிவாயுக் கலனின் கழிவுக் குழி மேலே காய்ந்து தரை மாதிரி இருக்கும், உள்ளே சேறு. அதைச் சுற்றிக் கட்டாயம் தடுப்பு வேண்டும்.

தரைமட்டக் கிணறு இருந்தால் சுற்றிலும் மூங்கில் படலாவது கட்டுங்கள். பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டை இன்னும் மோசம். கரை வழுக்கும், விழுந்தால் நீச்சல் தெரிந்த பெரியவரே ஏறத் திணறுவார். நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிற்றை நீருக்குள் தொங்கவிடுங்கள். காற்றடைத்த பழைய டியூப் ஒன்றும் நீளமான மூங்கில் ஒன்றும் கரையிலேயே இருக்கட்டும். யாராவது விழுந்தால் பதறிப்போய்க் குதிக்காமல் மூங்கிலையோ சேலையையோ நீட்டி இழுக்க வேண்டும். நீந்தத் தெரியாதவர் குதித்தால் போவது இரண்டு உயிர்.

கைவிட்ட போர்க்குழியை எந்தக் காரணத்துக்காகவும் அப்படியே விடக் கூடாது. 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் வீட்டருகே இருந்த போர்க்குழியில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. சாக்கைப் போட்டு மேலே கல்லை வைப்பது மூடி ஆகாது. அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

மின்சாரம், இயந்திரம்

மோட்டார் கொட்டகைக்கும் தட்டை வெட்டும் இயந்திரத்துக்கும் அன்றைக்குப் பூட்டு. டிராக்டர் சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். "ஒரே ஒரு ரவுண்டு மாமா" என்று கெஞ்சினாலும் மட்கார்டில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். ஒரு குலுக்கலில் விழுந்தால் பின்சக்கரத்துக்கு அடியில்தான் விழும். வண்டியில் போக ஆசைப்பட்டால் மாட்டுவண்டி இருக்கிறது, மெதுவாக ஓட்டிக் காட்டலாம்.

பாம்பும் தேனீயும்

மூடாக்கும் வைக்கோல் போரும் மட்குக் குவியலும் நம் பண்ணையின் பலம். அங்கே எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். பாம்பை அடித்து ஒழிப்பது நம் வேலையல்ல, பிள்ளை நடக்கும் பாதையைச் சுத்தமாக வைப்பது நம் வேலை. நடைபாதையின் இருபுறமும் புல்லை அறுத்துவிடுங்கள். வைக்கோல் போரில் ஏறி விளையாட விடாதீர்கள். இருட்டினால் கையில் டார்ச் வேண்டும்.

நம் ஊரில் அதிகம் ஆளைக் கொல்வது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலும்தான். நாலுக்கும் சேர்த்து ஒரே நச்சுமுறி மருந்து. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்தும் அது தயாராகிறது. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கொலுசு, மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கட்டுவிரியன் கடி பெரிதாக வலிக்காது. வலி இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. நச்சுமுறி மருந்து பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று முந்தின நாளே விசாரித்து வையுங்கள்.

பெரிய தேன்கூடு தொங்கும் மரத்தடியில் பந்தி போடாதீர்கள், அடுப்பு மூட்டாதீர்கள். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ நேரே மருத்துவமனைதான்.

இயற்கை என்றால் எல்லாம் நல்லதா?

இந்த இடத்தில்தான் நாம் அசந்துவிடுகிறோம். ஊமத்தை, எருக்கு, காட்டாமணக்கு இலை போட்டு ஊறவைத்த பூச்சிவிரட்டி இயற்கையானதுதான், ஆனால் குடித்தால் விஷம். அதைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்தால் பிள்ளை எடுத்துக் குடிக்கும். வேலியில் இருக்கும் காட்டாமணக்கு விதை, பார்க்க அழகான குன்றிமணி, அரளி, ஆமணக்குக் கொட்டை எல்லாம் நஞ்சுதான். "மாமாகிட்ட கேக்காம எதையும் வாயில வைக்கக் கூடாது" என்று வந்ததும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய பூச்சிக்கொல்லி டப்பா ஒன்றுகூட நிலத்தில் கிடக்கக் கூடாது. 2013 ஜூலையில் பீகாரில் பூச்சிக்கொல்லி கலந்த பள்ளி மதிய உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். பக்கத்து வயலில் அன்றைக்கு மருந்து அடிக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அடிப்பதாக இருந்தால் வருகையை வேறு நாளைக்கு மாற்றுங்கள்.

கறந்த பாலைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். மாட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு.

நாளை வகுப்பது இப்படி

கோடையில் காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை வயல், மாலை 4 மணிக்கு மேல் மறுபடி வயல். நடுப்பகலில் மரநிழலில் விதை பிரிப்பது, ஓலைக் காத்தாடி செய்வது, கதை. தாகம் எடுக்காவிட்டாலும் அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரோ மோரோ கொடுங்கள். இடி கேட்டதும் எல்லோரும் கட்டடத்துக்குள். மரத்தடி வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி கழித்து வெளியே வரலாம்.

ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். "எல்லாரும் பாத்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். தண்ணீர்ப் பக்கம் போனால் சின்னக் குழந்தை பெற்றோரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவர்கள் கையில் போன் இருக்கக் கூடாது. ஓரிடத்திலிருந்து கிளம்பும்போதெல்லாம் தலையை எண்ணுங்கள்.

வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு, தொப்பி, மாற்றுத்துணி. பிள்ளைக்கு ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். 5 வயது, 10 வயது தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேட்கலாம், ரணஜன்னிக்கு அது முக்கியம். வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், வயலுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சலைக் கண்டுபிடிக்க அந்த ஒரு தகவல் உதவும்.

இவ்வளவும் பிள்ளைகளைக் கட்டிப்போடுவதற்கு இல்லை. கிணறும் குட்டையும் அடைபட்டிருந்தால், மீதி இடமெல்லாம் அவர்கள் இஷ்டம்தான். சேற்றில் விழட்டும், நாற்றைக் கோணல்மாணலாக நடட்டும், கன்றுக்குட்டியோடு ஓடட்டும். "அதைத் தொடாதே, இங்கே வராதே" என்று நாள் முழுக்கக் கத்த வேண்டியிருக்காது. நம்ம வீட்டுப் பிள்ளைகளும் அந்த வேலிக்குள்தான் வருஷம் முழுக்க விளையாடப் போகிறார்கள்.