கையெழுத்து வேட்டை

பள்ளிக்கூடத்தின் கடைசி நாள் நினைவிருக்கிறதா, தோழர்களே? உள்ளங்கை அகலத்திலே ஒரு புத்தகம். ஒரு தாள் ஊதா, ஒரு தாள் பச்சை, இன்னொன்று மஞ்சள். அதை ஆசிரியரிடம் நீட்டினோம். பக்கத்து பெஞ்சு நண்பனிடம் நீட்டினோம். அவர்கள் எழுதித் தந்த இரண்டு வரியையும், அதன் கீழே இட்ட கையெழுத்தையும் தகரப் பெட்டியிலே பூட்டி வைத்தோம். இன்று அதைப் பழைய பேப்பர் கடையிலே போட்டால் ஒரு டீக்குக் கூடக் காணாது. ஆயினும் போடுவோமா? மாட்டோம்!

ஏன் மாட்டோம்? அது சரக்கல்ல, சந்திப்பின் சாட்சி. "இவரை நான் கண்டேன், ஒரு விநாடி இவர் என் பக்கம் திரும்பினார், என் பெயரைக் கேட்டார்" என்பதற்கான சாட்சி. கையெழுத்தின் மதிப்பு அவ்வளவுதான். அவ்வளவும் அதுதான்!

இந்தச் சின்ன ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க நாட்டிலே, ஆடுகளத்தின் வேலியோரம் பந்தும் பேனாவுமாக நிற்கிறானே சிறுவன், அவனுக்கும் இதே ஆசைதான். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்கு பேஸ்பால் அப்படி. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலே அந்நாட்டின் 30 பெரிய குழுக்களும் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சிக்கு முகாமிடும். பெரிய அரங்குகளின் கெடுபிடி அங்கே குறைவு. வீரன் வேலியருகே வருவான். சிறுவன் கையை நீட்டுவான். பந்திலே பெயர் விழும். பையன் அன்றிரவு அந்தப் பந்தைத் தலையணைக்கடியிலே வைத்துக்கொண்டு உறங்குவான். பழைய நாளிலே பேப் ரூத் என்னும் பெரு வீரர், சிறுவர் கூட்டத்துக்கு நடுவே நின்று சலிக்காமல் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் என்று பெயர் வாங்கினார்.

அன்று அப்படி. இன்றோ?

வேலியோரத்து வேட்டைக்காரர்

சிறுவனுக்கு முன்னால் ஒரு மனிதர் நிற்கிறார். தோளிலே பை. பைக்குள்ளே ஒரு டஜன் பந்து, ஒரு கட்டுப் புகைப்படம், நிறத்துக்கொரு பேனா. வீரன் தலை தெரிந்ததும் முழங்கை பேசுகிறது! சிறுவன் பின்னால் தள்ளப்படுகிறான். கையெழுத்துப் பெற்றவர் நகர்கிறாரா? இல்லை. தொப்பியை மாற்றிக்கொண்டு மறுபடி வரிசையிலே நுழைகிறார். இரண்டாவது பந்து, மூன்றாவது படம், நான்காவது மட்டை!

"மகன் நோயாய்ப் படுத்திருக்கிறான்" என்கிறார். மகனே இல்லாதவருக்கு எப்படி நோயாளி மகன் வந்தான்? "அவன் பெயரை எழுதித் தரட்டுமா?" என்று வீரன் கேட்டால், "வேண்டாம், வேண்டாம், உங்கள் பெயர் மட்டும் போதும்" என்று பதறுகிறார். பதற்றத்தின் காரணம் என்ன? பேஸ்பால் பந்திலே இரண்டு தையல்கள் நெருங்கி வரும் இடத்திலே குறுகலாய் ஒரு வெண்பரப்பு உண்டு. அந்த இடத்திலே, வேறொரு எழுத்தும் இல்லாமல், தனிக் கையெழுத்து இருந்தால் சந்தையிலே விலை அதிகம். "அன்புள்ள இன்னாருக்கு" என்று எழுதிவிட்டால் விலை சரியும். அன்பு சேர்ந்தால் விலை குறையும் பண்டம் ஒன்று உலகிலே உண்டென்றால், அது இதுதான்!

இன்னும் கேளுங்கள். பெரியவர் கேட்டால் வீரன் முகம் திருப்புவான். பிள்ளை கேட்டால் மனம் இளகுவான். இது தெரிந்த வேட்டைக்காரர் என்ன செய்கிறார்? பிள்ளைகளைக் கூலிக்குப் பிடிக்கிறார். கையிலே பந்தைக் கொடுத்து அனுப்புகிறார். பிள்ளை வாங்கி வந்ததும் சில்லறையை அதன் கையிலே வைத்து, பந்தைத் தம் பையிலே போட்டுக்கொள்கிறார். எட்டு வயதிலே பொய் சொல்லப் பயிற்சி. அதற்குக் கூலியும் கையோடு!

வீரன் மறுத்தால்? சற்று முன் "அண்ணனே, அருமை வீரனே" என்று குழைந்த நாக்கு வசைமாரி பொழிகிறது. ஓட்டல் வாசலிலே காத்திருப்பு. விமான நிலையத்திலே துரத்தல். மனைவி மக்களோடு சோறு உண்ணும் மேசைக்கே வந்து படத்தை நீட்டும் துணிச்சல்.

கையெழுத்துச் சேர்ப்போர் எல்லாரும் இப்படியா? இல்லை. வரிசையிலே நின்று, ஒன்று கேட்டு, நன்றி சொல்லி, வீட்டுச் சுவரிலே மாட்டி மகிழ்வோர் பலர். அவர்களை நாம் குறை கூறவில்லை. அந்த நல்லவர்களுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் தேடித் தருவோரைத்தான் கூறுகிறோம்.

கோடி வாங்கினால் அடிமையா?

"கோடி கோடியாய் வாங்குகிறானே, ஒரு கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துபோகும்?" இப்படிக் கேட்போர் உண்டு. நம் தோழர்களிலும் உண்டு. அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்.

ஆலையிலே சங்கு ஊதுகிறது. ஷிப்டு முடிகிறது. எட்டு மணி நேரம் நின்ற கால் வீட்டை நோக்கி நடக்கிறது. வாயிலிலே பத்துப் பேர் வழிமறித்து, "இதிலே ஒரு கையெழுத்து, அதிலே ஒரு கையெழுத்து" என்று தினந்தோறும் நீட்டினால்? அதை நாளைக் காலை கடைத்தெருவிலே விற்கப் போகிறார்கள் என்று உமக்குத் தெரிந்தும் இருந்தால்? உம் உழைப்பு நேரம் முதலாளிக்கு விற்கப்பட்டது. மிச்ச நேரம் யாருடையது? உம்முடையது! இந்த நீதிக்காகத்தானே தொழிலாளி வர்க்கம் ஊர்தோறும் போராடியது? கூலி அதிகம் என்பதாலே ஒருவன் மனிதன் அல்லாமல் போய்விடுவானா?

"பிழைப்புக்காகச் செய்கிறோம்" என்பார்கள். பிழைப்பை நாம் பழிக்கவில்லை. தமக்குச் சொந்தமான பொருளை விற்பது குற்றமும் அல்ல. ஆனால் பொய் சொல்லி வாங்குவதும், குழந்தையைத் தள்ளி வாங்குவதும், கிடைக்காவிட்டால் ஏசுவதும் எந்தத் தொழிலின் இலக்கணம்?

அடைபட்ட கதவுகள்

விளைவு என்ன? வீரர்கள் விழித்துக்கொண்டனர். கேட்டாலும் கேட்காவிட்டாலும் பெயர் எழுதித்தான் தருவேன் என்றனர் சிலர். பிள்ளைகளுக்கு மட்டுமே என்றனர் சிலர். கூட்டத்தைக் கண்டதும் பின்வாசல் வழியே போகத் தொடங்கினர் பலர்.

கூடைப்பந்தாட்டத்திலே பில் ரசல் என்றொரு மாவீரர். பாஸ்டன் குழுவிலே 13 பருவங்கள் ஆடி, 11 முறை வெற்றிக் கோப்பை கண்டவர். பல ஆண்டுகள் அவர் கையெழுத்திட மறுத்தார். அகந்தையா? இல்லை. காகிதத்திலே கிறுக்குவதைவிடக் கை குலுக்கி இரண்டு வார்த்தை பேசுவதே மேல் என்றார். எண்ணிப் பாருங்கள்: கையெழுத்து வேண்டுமென்றவர், மனிதனைச் சந்திக்க வேண்டாமென்றா சொல்கிறார்? காகிதம் கிடைத்தால் போதும், ஆள் எதற்கு என்பவரிடம் பாசம் எங்கே இருக்கிறது?

வீரர்களிலும் எல்லாரும் உத்தமர் அல்லர். கையெழுத்துக்குக் காசு உண்டென்று தெரிந்ததும் மண்டபம் பிடித்து, மேசை போட்டு, கட்டணம் வசூலித்துக் கையெழுத்திட்டனர். பீட் ரோஸ் என்ற பெயர் பெற்ற ஆட்டக்காரர், கையெழுத்து விற்ற வருமானத்தையும் சேர்த்து வரிக் கணக்கிலே மறைத்ததற்காக 1990இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஐந்து மாதம் சிறையிருந்தார். கேட்பவனுக்கும் பேராசை, கொடுப்பவனுக்கும் பேராசை. நடுவிலே நசுங்கியது வேலியோரத்துச் சிறுவனின் ஆசை!

பசித்த சந்தையும் போலிச் சரக்கும்

நேரிலே துரத்திப் பெற்ற கையெழுத்துகள் போதவில்லை. சந்தை பசித்தது. ஒரு வீரனின் கை ஒரு நாளிலே எத்தனை முறைதான் எழுதும்? வேறு கைகள் எழுதத் தொடங்கின!

சான் டியாகோ நகரத்துக் குழுவின் வீரர் டோனி குவின், தம் பெயரிலே போலிக் கையெழுத்திட்ட பொருள்கள் தம் குழுவின் கடையிலேயே விற்கப்படுவதைத் தம் கண்ணாலே கண்டார். வீட்டுக்காரன் தன் வீட்டுத் திண்ணையிலேயே தன் திருட்டுப் பொருள் விற்பதைக் காண்பது போல! அமெரிக்க அரசின் புலனாய்வுத் துறை களமிறங்கியது. 1999 அக்டோபரிலே பல மாநிலங்களிலே ஒரே நாளிலே சோதனை. போலிப் பந்து, போலி மட்டை, போலிப் படம், அவை அசல் என்று கூறும் போலிச் சான்றிதழ்! அன்னை தெரசாவின் பெயரிலே கையெழுத்திட்ட பேஸ்பால் பந்து கூடக் கிடைத்தது. கல்கத்தாவின் சேரிகளிலே நோயாளிகளுக்குத் தொண்டு செய்தவர் எந்த ஆடுகளத்திலே பந்து பிடித்தார்? ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் போலிச் சரக்கு விலைபோவதாக அத்துறை கணக்கிட்டது. முடிவிலே 63 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை கிடைத்தது. 18 போலிக் கும்பல்கள் குலைக்கப்பட்டன.

அதன் பிறகு, 2001இல், பேஸ்பால் அமைப்பு ஓர் ஏற்பாடு செய்தது. சான்று கூறும் அலுவலர் முன்னிலையிலே கையெழுத்திட வேண்டும், எண்ணிட்ட மின்னும் முத்திரை ஒன்றை ஒட்ட வேண்டும், அப்போதுதான் அசல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலியோரத்துச் சிறுவனின் பந்திலே முத்திரை ஏது? வீரன் தன் கண் முன்னே எழுதித் தந்தான் என்பது அவனுக்குத் தெரியும். உலகம் நம்புமா? "சான்று எங்கே?" என்கிறது. திருடன் செய்த குற்றத்துக்கு உண்மையானவன் கட்டும் அபராதம் இது!

தொப்பியும் நாற்காலியும்

அமெரிக்காவின் பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2025 ஆகஸ்டிலே நியூயார்க் டென்னிஸ் போட்டியிலே, வென்ற போலந்து வீரர் காமில் மய்க்ஷாக், முன்வரிசையிலே நின்ற சிறுவனுக்குத் தம் தொப்பியை நீட்டினார். பக்கத்திலே நின்ற ஒரு வளர்ந்த மனிதர் எட்டிப் பறித்தார். சிறுவன் திகைத்து நின்றதை உலகமே படத்திலே கண்டது. பறித்தவர் பின்னர், தம் பிள்ளைகளுக்குத் தருவதாகத் தவறாக நினைத்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். வீரரோ அச்சிறுவனைத் தேடிக் கண்டு வேறு தொப்பி தந்தார். சிறுவனைத் தேடிச் செல்ல அந்த வீரருக்கு மனம் இருந்தது. எல்லாச் சிறுவருக்குமா அந்தப் பேறு?

நம் நாட்டுக்கே வருவோம். 2025 டிசம்பர் 13ஆம் நாள், கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம். கால்பந்தாட்ட வீரர் மெஸ்ஸியைக் காண ஆயிரக்கணக்கிலே ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கி வந்த மக்கள். மெஸ்ஸி வந்தார். மக்கள் கண்டார்களா? இல்லை! அவரைச் சுற்றி அதிகாரம் படைத்தோர், செல்வாக்குள்ளோர், அவர்தம் உற்றார் உறவினர். தோளோடு தோள் ஒட்டிப் படம் எடுப்போர். அரை மணி நேரம் கூட ஆகவில்லை, மெஸ்ஸி போய்விட்டார். நாற்காலிகள் பறந்தன; புட்டிகள் பறந்தன. முதலமைச்சர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. நாற்காலியை உடைத்தது தவறுதான். ஆனால் அதற்கு முன் உடைந்தது எது? பின்வரிசையிலே அமர்ந்தவனின் நம்பிக்கை! கையெழுத்துப் புத்தகம் போய் செல்போன் வந்தது. முழங்கை மட்டும் மாறவில்லை.

நம் வீட்டைப் பார்ப்போம்

தோழர்களே, பிறரைக் குறை கூறி முடித்துவிட்டால் நமக்கு என்ன பயன்? நம் பொதுக்கூட்ட மேடையின் பின்புறத்தை நினைத்துப் பாருங்கள். தலைவர் இறங்குகிறார். கார்க் கதவருகே நெரிசல். செல்பிக்காக ஒருவர் தோள் மீது மற்றொருவர். மூன்று மணி நேரம் மணலிலே அமர்ந்து பேச்சைக் கேட்ட மூதாட்டி ஒருத்தி, கையிலே ஒரு மனுவோடு ஓரமாய் நிற்கிறாள். அவளைத் தள்ளிவிட்டு எடுத்த படத்தை எந்தச் சுவரிலே மாட்டுவது?

ஆகவே நாம் சொல்கிறோம். ஒன்று கேள், ஒன்றோடு நகர். பிள்ளைகளை முன்னே விடு. விற்பதற்கென்றால் பொய் சொல்லி வாங்காதே. உண்ணும்போதும், குடும்பத்தோடு இருக்கும்போதும் எவரையும் மறிக்காதே. "இல்லை" என்றால் "நன்றி" என்று சொல்லி விலகு. இதற்குச் சட்டம் வேண்டாம், காவலர் வேண்டாம். பின்னால் நிற்பவனும் மனிதன் என்ற நினைப்பு இருந்தால் போதும்.

வேலியோரம் சிறுவன் இன்னும் நிற்கிறான். கை நீண்டிருக்கிறது. அவனுக்கு முன்னால் நிற்பவர் நாமாக இருந்தால், அரை அடி விலகி நிற்போம்!